களத்துக்கு வெளியே நிறுத்தியவர் யார்?

“விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்!” — இஃது ஓர் உபதேசம். நெடுங்காலமாக நம் செவிகளில் ஓதப்பட்டு வரும் உபதேசம். சங்கத் தலைவர்கள் சொல்கின்றனர், சீமான்கள் சொல்கின்றனர், அவர்தம் சொல்லை ஆமோதித்து ஏடுகள் எழுதுகின்றன. மைதானம் தூய்மையான இடமாம். அங்கே திறமை ஒன்றே பேசுமாம். சாதியும் நிறமும் வர்க்கமும் வாயிற்படியிலேயே செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்பட்டு விடுமாம்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வேலிக்கு உட்புறம் நிற்பவனுக்கு எப்போதுமே இனிமையான பேச்சு அது. வெளிப்புறம் நிறுத்தப்பட்டவன்தான் கேட்கிறான்: “ஐயா, இந்த வேலியைப் போட்டவர் யார்? போட்டபோது அதற்குப் பெயர் என்ன? விளையாட்டா, அரசியலா?”

அந்தக் கேள்விக்குரிய விடையை ஏட்டுச் சுவடிகளில் தேட வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் ஆடுகளங்களே விடை பகர்கின்றன. முதலில் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். பிறகு நம் வீட்டு முற்றத்துக்குத் திரும்புவோம். முற்றத்தைப் பார்க்காமல் உலகத்தைப் பழிப்பது நமக்கு அழகன்று அல்லவா?

வெள்ளைக் களம்

1948ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. மக்களை நிறத்தால் பிரித்து, குடியிருப்பைப் பிரித்து, பள்ளியைப் பிரித்து, பேருந்தைப் பிரித்து, கடற்கரையைக்கூடப் பிரித்து வைத்தது அந்த ஆட்சி. மைதானத்தை மட்டும் விட்டு வைக்குமா? நாட்டின் பெயரால் ஆடும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே என்றாயிற்று. மண்ணின் மைந்தர்களான கறுப்பர்களும், கலப்பினத்தவர் என முத்திரை குத்தப்பட்டவர்களும், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும் தனியே ஆடிக்கொள்ள வேண்டியதுதான். கரடுமுரடான பொட்டலில், பாய் விரித்து, பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாத தரையில்!

டர்பன் நகரத்தில் பாப்வா செவ்கோலும் என்றொருவர் இருந்தார். இந்திய வம்சத்தவர். கோல்ஃப் ஆடும் கனவான்களின் மட்டைப் பைகளைச் சுமந்து திரிந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. ஆட்டம் கற்பித்த ஆசானும் இல்லை. மட்டையை எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தே 1959இலும் 1960இலும் ஹாலந்து நாட்டுப் பட்டத்தை வென்று திரும்பினார். 1963ஆம் ஆண்டு, பெரும் போராட்டத்துக்குப் பின் நேட்டால் பந்தயத்தில் ஆட அவருக்கு இசைவு கிடைத்தது. ஆடினார், வென்றார். வென்றவருக்குக் கோப்பை தர வேண்டுமே! வெள்ளையரின் மன்றக் கட்டடத்துக்குள் அவர் காலடி வைக்கக் கூடாதே! என்ன செய்தனர் தெரியுமா, தோழர்களே? தோற்றவர்கள் கூரையின் கீழ் நின்றிருக்க, வென்றவரை வெளியிலே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தனர். 1965இல் அதே பந்தயத்தில், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே அவர் வீழ்த்தினார். அதன் பிறகு வெள்ளையரின் பந்தயங்களின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டு விட்டது.

தோற்றவன் கூரையின் கீழ், வென்றவன் மழையில்! இதைச் செய்த கைகள்தாம், “விளையாட்டில் அரசியலா?” என்று கன்னத்தில் போட்டுக் கொண்ட கைகள்.

ஒரு மனிதரும் ஒரு பேரரசும்

கேப்டவுன் நகரத்துக் கலப்பின மக்களிடையே பிறந்தவர் பேசில் டி ஒலிவேரா. கிரிக்கெட்டில் சூரர். தம் மக்களின் அணிக்குத் தலைமை தாங்கிக் கென்யா நாட்டுக்குச் சென்று வென்று வந்தவர். ஆயினும் பிறந்த நாட்டின் அணிக்கு ஆட முடியாது. நியூலேண்ட்ஸ் மைதானத்துக்குப் போனால் வேடிக்கை பார்க்கலாம். அதுவும் வெள்ளையரல்லாதவருக்கென ஒதுக்கிய அடைப்புக்குள் இருந்து!

எத்தனை காலம் பொறுப்பது? இங்கிலாந்தின் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெருந்தகை முயன்று லங்காஷயர் பகுதியில் மிடில்டன் என்னும் சிறு மன்றத்தில் ஓர் இடம் பெற்றுத் தந்தார். கப்பல், விமானச் செலவுக்குக் கையில் காசில்லை. கேப்டவுனின் எளிய மக்கள் நிதி திரட்டி வழியனுப்பி வைத்தனர். 1960இல் சென்றார். வோர்செஸ்டர்ஷயர் அணியில் இடம் பெற்றார். முப்பது வயதைக் கடந்த பிறகே, 1966இல், இங்கிலாந்தின் டெஸ்ட் அணியில் இடம் கிடைத்தது. சொந்த வீட்டுத் திண்ணையிலும் இடம் தராதவனுக்கு அயலான் வீட்டுக் கூடத்தில் ஆசனம்!

1968ஆம் ஆண்டு இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். பிரதமர் வோர்ஸ்டரின் அரசுக்கு உள்ளூரக் கலக்கம். தான் விரட்டிய மனிதர், ஆண்ட நாட்டின் சின்னத்தை மார்பில் தரித்து வந்து நின்றால் என்னாவது? “சுற்றுப்பயணத்துக்கு வரவில்லை என்று அறிவித்துவிடு, பயிற்சியாளர் வேலை தருகிறோம், ஆண்டுக்கு 4,000 பவுன்” என்று ஒரு வணிக நிறுவனத்தின் வழியாக வலை வீசப்பட்டது. டி ஒலிவேரா விலை போகவில்லை. அந்த ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில், வேறொருவர் விலகியதால் கிடைத்த வாய்ப்பில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் குவித்தார். திறமை ஒன்றே பேசும் என்றார்களே, இதைவிட உரக்கத் திறமை எப்படிப் பேசும்?

ஆட்டம் முடிந்தது, அணி அறிவிக்கப்பட்டது, 158 ஓட்டம் எடுத்தவரின் பெயர் அதிலே இல்லை! காரணம் கேட்டால், “ஆட்டத்தின் அடிப்படையிலேயே தேர்ந்தோம்” என்றது எம்.சி.சி. அவர் வந்தால் தென்னாப்பிரிக்க அரசு ஏற்காது என்ற செய்தி அந்த மன்றத்தின் உயர்மட்டத்தினர் சிலருக்கு முன்கூட்டியே எட்டியிருந்தது என்பது பின்னாளில் அம்பலமாயிற்று. அரசியலைக் கலக்காதவர்களின் யோக்கியதை இதுதான். பகலில் உபதேசம், இரவில் ஒப்பந்தம்!

ஆனால், மக்கள் கொதித்து எழுந்தனர். மன்றத்தின் உறுப்பினர்களே குரல் எழுப்பினர். அணியிலிருந்த டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகவே, அவர் இடத்தில் டி ஒலிவேராவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வோர்ஸ்டர் சீறினார், இது கிரிக்கெட் அணி அன்று, நிறவெறி எதிர்ப்பாளரின் அணி என்றார். பயணம் நின்றது. 

அதனோடு நின்றதா? அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்க ரக்பி அணி பிரிட்டனுக்கு வந்தபோது, பீட்டர் ஹெயின் என்ற மாணவரின் முன்னணியில் இளைஞர்கள் மைதானங்களை முற்றுகையிட்டனர். 1970இல் வரவிருந்த கிரிக்கெட் அணியின் பயணம் ரத்தாயிற்று. அதே 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டது. இந்தக் கிளர்ச்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவரான கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ், நிறவெறி அரசின் காவலர்களால் சுடப்பட்டு, ராபன் தீவுச் சிறையில் கல்லுடைத்தவர். அவர் உடைத்த கல்லின் ஓசை உலகத்து மைதானங்களிலெல்லாம் எதிரொலித்தது.

வணக்கம் ஒன்று, தண்டனை வேறு

அதே 1968. மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஜான் கார்லோஸ் வெண்கலம் வென்றார். பரிசு மேடையில் காலணியின்றி, கறுப்புக் காலுறையோடு நின்றனர் — தம் மக்களின் வறுமையை உலகுக்குக் காட்ட. கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். அவர்களோடு மேடையில் நின்ற வெள்ளி வீரர், ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், மனித உரிமைச் சின்னத்தைத் தம் மார்பிலும் குத்திக்கொண்டு நின்றார்.

ஒலிம்பிக் குழுத் தலைவர் ஆவரி பிரண்டேஜ் வெகுண்டெழுந்தார். அரசியலைக் கொண்டு வந்து விட்டார்களாம்! ஸ்மித்தும் கார்லோசும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

சற்றே பின்னோக்கிப் பாருங்கள், தோழர்களே! 1936இல் ஹிட்லரின் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. யூத வீரர்கள் மன்றங்களிலிருந்து துரத்தப்பட்டிருந்தனர். உயரம் தாண்டுவதில் ஜெர்மானிய சாதனையை எட்டிய கிரேட்டல் பெர்க்மன் என்னும் யூத நங்கை அணியிலிருந்து நீக்கப்பட்டாள். அந்தப் பந்தயத்தைப் புறக்கணிக்க வேண்டும் என அமெரிக்காவில் நல்லோர் பலர் வேண்டினர். வேண்டாம், விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று வாதாடி அணியைக் கொண்டு சென்றவர் யார்? அதே பிரண்டேஜ்! பெர்லினில் நாஜி வணக்கம் செலுத்திய கைகளை அவர் தடுக்கவில்லை. நீட்டிய கை ஆளும் கையாயின் அது மரபு. மடக்கிய கை ஆளப்படுவோரின் கையாயின் அது அரசியல்! உபதேசத்தின் உட்பொருள் விளங்குகிறதா?

நார்மனும் தப்பவில்லை. அதன் பின் அவர் ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. 2006இல் அவர் மறைந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்து அவர் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோசும். நீதிக்காக நின்றவர்களின் உறவு, நிறத்தையும் கடலையும் மரணத்தையும் தாண்டி நின்றது.

நாம் இழந்த கோப்பை

இனி நமது நாட்டின் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில் இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. புனேயில் சோவியத் யூனியனை வென்றது. நம் சென்னை மண்ணில் வளர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியின் தூண்கள். இறுதி ஆட்டம் ஒன்றே மிச்சம். எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா.

1946ஆம் ஆண்டே, விடுதலை பெறும் முன்னரே, தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை முறித்துக் கொண்ட நாடு இது. ஐ.நா. மன்றத்தில் அந்த வழக்கை முதன்முதல் எடுத்துச் சென்ற நாடு இது. இப்போது என்ன செய்வது? ஆடினால் கோப்பை கிட்டக்கூடும். ஆடினால் நிறவெறியோடு கைகுலுக்க வேண்டும். இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது.

இதன் விலையை நாம் மறைக்கலாகாது. 1966இல் ராமநாதன் கிருஷ்ணன் காலத்தில் ஒரு முறை, 1987இல் ஒரு முறை, ஆக இறுதிச் சுற்றில் ஆடிய இரு முறையும் இந்தியா தோற்றது. டேவிஸ் கோப்பை இன்றுவரை இந்தியாவுக்கு வாய்க்கவில்லை. ஓர் இளைஞன் பத்தாண்டுக் காலம் உழைத்து எட்டிய வாயிற்படியிலிருந்து திரும்பி வருவது எளிதா? எளிதன்று. “குற்றமற்ற வீரர்களைத் தண்டிப்பது நீதியா?” என்று கேட்போரும் உளர். அந்தக் கேள்வியைத் தள்ளி விடக் கூடாது. நேர் நின்று பதிலுரைக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் பாரி ரிச்சர்ட்ஸ் நான்கே டெஸ்டுகள் ஆடினார். கிரேம் பொல்லாக்கின் கணக்கு 23இல் நின்றது. ஒப்பற்ற ஆட்டக்காரர்கள். அவர்கள் இழந்தது உண்மை. ஆனால், ஒரு டெஸ்டுகூட ஆடாமல், பெயரும் பதியாமல், பொட்டல் வெளியிலேயே முடிந்துபோன கறுப்பு ரிச்சர்ட்சுகள் எத்தனை பேர்? மாநிறத்துப் பொல்லாக்குகள் எத்தனை பேர்? இருபது ஆண்டு வெளியே நின்ற சிலருக்காக ஏங்கும் நெஞ்சம், தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காக ஏன் ஏங்கவில்லை? அந்த வெள்ளை வீரர்களும் உணரத் தொடங்கினர். 1971 ஏப்ரலில் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் பொல்லாக்கும் ரிச்சர்ட்சும் பிறரும், திறமை பார்த்து அணியைத் தேர்ந்தெடு என்று கூறி ஆட்டத்தின் நடுவே வெளிநடப்புச் செய்தனர். புறக்கணிப்பு என்னும் கசப்பு மருந்து வேலை செய்ததற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பணத்தாசை காட்டி வேலியைத் தாண்டச் செய்யவும் முயன்றனர். 1982இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் போயிற்று. அதே ஆண்டில் இலங்கையிலிருந்து ஒன்று. 1983இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்துகூட ஒன்று! அதே மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ், முன்னே கொட்டப்பட்ட பெருஞ்செல்வத்தைக் காலால் ஒதுக்கினார். வறியவர்க்கு மானம் விலைப்பொருள் என்று எண்ணியவர்களின் முகத்தில் விழுந்த அடி அது.

மைதானப் புறக்கணிப்பு மட்டுமே நிறவெறியைச் சாய்த்தது என்று நாம் சொல்லவில்லை. ஷார்ப்வில்லிலும் சொவேட்டோவிலும் சிந்திய இரத்தம் சாய்த்தது. தொழிலாளரின் வேலைநிறுத்தம் சாய்த்தது. 27 ஆண்டுச் சிறைக்குத் தலைவணங்காத மண்டேலாவின் உறுதி சாய்த்தது. ஆயினும், வெள்ளைக் குடும்பத்தின் வரவேற்பறைக்குள் நுழைந்து, “உலகம் உன்னை வெறுக்கிறது” என்று நாள்தோறும் சொன்ன தூதன் விளையாட்டுத்தான். ராபன் தீவுக் கைதிகள்கூட அதை அறிந்திருந்தனர். சிறைக்குள்ளே கால்பந்துச் சங்கம் அமைத்து, உலகச் சங்கத்தின் விதிகளின்படியே ஆடினர். ஆளத் தெரியாதவர்கள் என்று இழித்தவர்களின் கண்ணெதிரே, தம்மைத் தாமே ஆளப் பழகினர்!

1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி உலகக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியபோது, முதலில் வந்து ஆடிய இடம் நம் கல்கத்தா. 1995இல் ரக்பி உலகக் கோப்பையை வென்ற அந்த அணியில் வெள்ளையரல்லாதவர் ஒருவரே. 2019இல் அதே கோப்பையை உயர்த்திய தலைவர் சியா கோலிசி, கறுப்பர் சேரியில் பசியோடு வளர்ந்தவர். 2023இலும் அவரே உயர்த்தினார். இன்று இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் டெஸ்ட் தொடர் ஆடினால், வெல்வோர் பெறும் கோப்பையின் பெயர் என்ன தெரியுமா? பேசில் டி ஒலிவேரா கோப்பை!

நம் வீட்டு முற்றம்

கைதட்டுகிறீர்களா, தோழர்களே? சற்றே பொறுங்கள். தென்னாப்பிரிக்காவின் வேலியைக் கண்டு சினந்தோம்; சரி. நம் வீட்டு முற்றத்து வேலியைக் கண்டோமா?

பல்வங்கர் பாலு என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியரின் மன்றத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிச் சமன்செய்து, வலை கட்டிக் காத்த தொழிலாளி. மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. வெள்ளைத் துரைகளுக்குப் பந்து வீசலாம், அவ்வளவே. வீசினார், ஓயாமல் வீசினார். இடக்கைச் சுழற்பந்தில் அவருக்கு இணையில்லை என்றாயிற்று.

ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆசை புனே இந்துக்களுக்கு. பாலு இல்லாமல் வெல்ல முடியாது. ஆனால் பாலு தீண்டத்தகாதவர்! என்ன செய்தார்கள் மேல்சாதிக் கனவான்கள்? ஆட்டத்தில் சேர்த்துக் கொண்டனர். அவர் தொட்ட பந்தைத் தொட்டனர். ஆனால், தேநீர் வேளையில் அவர் கொட்டகைக்கு வெளியே நின்றார். உடைத்தெறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. தனித் தட்டில் தனியே உணவு. பந்துக்குத் தீட்டில்லை, கிண்ணத்துக்குத் தீட்டு! டர்பனின் மழையில் நின்ற செவ்கோலுமும் புனேயின் கொட்டகைக்கு வெளியே நின்ற பாலுவும் ஒரே இடத்தில்தான் நின்றனர், தோழர்களே! நடுவிலே இருந்தது கடல் மட்டுமே.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் முறியடித்தது. அந்த வெற்றியில் பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் பெரும்பங்கு. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. மகாராஜா விருந்துகளில் கலந்து கொண்டார். பாலு பந்து வீசினார். அந்தப் பயணத்தில் அவர் சாய்த்த விக்கெட்டுகள் 114. நோயும் தோள்வலியும் வாட்டிய நிலையில்!

ஆயினும் அணித் தலைமை? அதை மட்டும் கேட்காதே! ஆண்டுதோறும் கேள்வி எழுந்தது. ஆண்டுதோறும் மேல்சாதியார் ஒருவரே தலைவரானார். 1920இல் பாலுவை அணியிலிருந்தே விலக்கியபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினர். தலைமைக்குத் தகுதி சாதியாலா, திறத்தாலா என்று பொதுமன்றத்தில் கேட்டனர். ஊர் அவர்கள் பக்கம் நின்றது. பாலு துணைத்தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். 1923இல் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார், ஐரோப்பியரை வென்றார், மேல்சாதி இளைஞர்களே அவரைத் தோளில் சுமந்து கூத்தாடினர். அண்ணன் கேட்டு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது. கெஞ்சிப் பெற்றதன்று அது. வேலைநிறுத்தம் செய்து பெற்றது!

பாலுவை இளமையில் போற்றியவர் அண்ணல் அம்பேத்கர். பின்னாளில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். 1932இல் தனித்தொகுதிப் போரில் பாலு, நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரையே எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். யார் வழி சரி என்பதைக் காலம் தீர்த்து வைத்தது. ஆனால், பாலுவின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. மைதானத்தில் கிடைக்கும் கைதட்டல் ஒரு மனிதனை உயர்த்தலாம். அவன் பிறந்த சேரிக்குக் கிணற்றைத் திறந்து விடாது. அதற்குச் சட்டம் வேண்டும், இயக்கம் வேண்டும், அதிகாரத்தில் பங்கு வேண்டும். ஒரு பாலு தோளில் ஏறுவதைக் காட்டி, ஆயிரம் பாலுக்கள் வெளியே நிற்பதை மறைப்பது மேட்டுக்குடியின் பழைய தந்திரம்.

“அதெல்லாம் அந்தக் காலம்” என்பீர்களா? 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் ஆட்டமொன்றில் அச்சாதனை புரிந்த முதல் இந்தியப் பெண்ணானார் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. சில நாள் கழித்து அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே உள்ள அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தனர் சிலர். தாழ்த்தப்பட்ட சாதியினரைச் சேர்த்ததால்தான் தோல்வி என்று ஏசினர். காவல்துறை வழக்குப் பதிந்தது, கைதும் நடந்தது. வென்றால் நாட்டின் மகள். தோற்றால் சாதியின் மகள்! பாலுவின் மண்குவளை உடைந்து விட்டதென்று யார் சொன்னது?

செய்ய வேண்டியது

ஆகவே, தோழர்களே, நம் பணி என்ன? தென்னாப்பிரிக்காவைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசிவிட்டுக் கலைவதா? அன்று.

உங்கள் ஊரின் மைதானத்தைப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது? அதன் வாயில் யாருக்குத் திறக்கிறது? சேரிப் பிள்ளைகள் மாலையில் அங்கே பந்து உதைக்க முடிகிறதா? அரசின் பணத்தில் பேணப்படும், அல்லது பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட பொது இடங்களிலிருந்து சாதியின் பேரால் எவரையும் விலக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு. கிணறு, குளம், சாலை என்று சட்டம் பட்டியலிடுகிறது. மக்கள் கூடும் பொது இடம் என்றும் சொல்கிறது. மைதானம் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க எழுதவில்லை அம்பேத்கர்!

திருவிழாக் கபடிக்கு அணிகள் பெயர் கொடுக்கும்போது பாருங்கள். தெருவுக்கொரு அணி, சாதிக்கொரு கொடி என்று வருகிறதா? அந்த அணிகளைக் கலந்து கட்டுங்கள். தோளோடு தோள் பிடித்து மூச்சடக்கி ஆடும் ஆட்டத்தில் தீண்டாமைக்கு இடமேது? இரு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடித் தோற்றாலும், ஊர் வென்றதாகக் கொள்ளுங்கள்.

பள்ளிகளைப் பாருங்கள். விளையாட்டு ஆசிரியர் இருக்கிறாரா? பெண் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் மைதானம் உண்டா, அல்லது வேடிக்கை பார்க்கும் சுவர்தான் உண்டா? ஓடும் பிள்ளைக்குக் காலணி, பசிக்கு முட்டையும் பாலும், போட்டிக்குப் போகப் பேருந்துச் செலவு — இவை இல்லாதபோது, “திறமை இருந்தால் வரட்டும்” என்பது கேலி. கால் கட்டப்பட்டவனை ஓட்டப் பந்தயத்துக்கு அழைக்கும் கேலி.

சங்கங்களைப் பாருங்கள். மட்டை பிடிக்காதவர்கள் தலைவர்களாகவும், ஆடியவர்கள் வாயிற்காவலர்களாகவும் இருக்கும் இடங்களில் கணக்குக் கேளுங்கள், தேர்தல் கேளுங்கள். நம் கட்சியைச் சேர்ந்தவர் அங்கே அமர்ந்திருந்தாலும் கேளுங்கள்! அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். மாற்றானின் வேலியைப் பிடுங்க விரும்புவோன், தன் வீட்டான் நட்ட முள்ளையும் பிடுங்கக் கடமைப்பட்டவன்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்று அப்போதும் சொல்வார்கள். சொல்லட்டும். மழையில் நின்றவனைக் கூரைக்குள் அழைப்பது அரசியல் என்றால், மண்குவளையை உடைத்து ஒரே கிண்ணத்தில் தேநீர் பரிமாறுவது அரசியல் என்றால், அந்த அரசியலைத்தான் நாம் செய்கிறோம். கலக்கியவர்கள் அவர்கள், தெளிய வைப்பவர்கள் நாம்.

அடுத்த ஞாயிறு வருமுன், உங்கள் ஊர் மைதானத்தின் வாயிலுக்கு ஒரு முறை போய் வாருங்கள். வெளியே நிற்கும் பிள்ளை யாரென்று பாருங்கள். அவன் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழையுங்கள்!